பிரிட்டிஷ் கேங்ஸ்டர் காமெடியில் சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

பகல்காட்சி:
இயக்குநர் கை ரிட்சியின் 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்' (1998), 'ஸ்னாட்ச்' (2000) இரண்டும் பார்த்தாச்சு. பாதிக்கு மேல் யார் யாருக்குக் கடன், எந்தப் பை யார் கையில் என்பதெல்லாம் குழம்பிவிடுகிறது. ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை. இந்த ஈர்ப்பு எதனால்? இதே பாணியில் 12 நிமிடக் குறும்படம் ஒன்று எழுத வேண்டும். எதைக் கவனித்தால் உதவும்?

மூன்றாம்மணி:
ஆட்களைத் துரத்தாதீங்க, பொருளைத் துரத்துங்க. குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

'லாக், ஸ்டாக்'கில் அந்தப் பொருள் ஒரு ஜோடிப் பழைய வேட்டைத் துப்பாக்கி. அதற்கு ஆசைப்படுவது தாதா ஹாரி. அவனுடைய ஆள் பாரி, வட இங்கிலாந்துத் திருடர்கள் இரண்டு பேரை அனுப்புகிறான். அவர்களுக்கு அதன் மதிப்பு தெரியாது, விற்றுவிடுகிறார்கள். தரகன் நிக் வழியாக அது டாம் கைக்கு வருகிறது. டாமும் கூட்டாளிகளும் அதை வைத்துப் பக்கத்து வீட்டுக் கொள்ளைக்காரர்களைக் கொள்ளையடிக்கிறார்கள். எதற்காக? ஹாரிக்குக் கட்ட வேண்டிய கடனுக்காக! ஹாரி தேடும் பொருளே அவனுடைய கடனாளிகளின் கையில் இருக்கிறது, இரண்டு தரப்புக்கும் அது தெரியாது. கஞ்சாவும் அப்படித்தான் சுற்றுகிறது. கொள்ளையடித்த சரக்கை விற்கப் போகிற இடம் ரோரி பிரேக்கர் என்கிற இன்னொரு தாதா. சரக்கே அவனுடையது.

ஒவ்வொருவனுக்கும் ஒரு துண்டுதான் தெரியும். முழுக் கணக்கும் தெரிந்தவர் பார்வையாளர் மட்டும். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. வசனத்தில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, அந்தச் சீட்டாட்டம். அது போக்கர் இல்லை, 'த்ரீ கார்டு பிராக்'. நம்ம ஊரில் ஆடுகிற தீன் பத்திக்கு மூத்தது. எதிராளியின் சீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் கட்டியதைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். அதனால் கையில் நல்ல சீட்டு இருந்தும் காசு தீர்ந்தவன் மாட்டிக்கொள்வான். டாமும் கூட்டாளிகளுமாக நாலு பேர் தலைக்கு 25,000 பவுண்டு போட்டுச் சேர்த்த ஒரு லட்சம் கரைந்து, அவர்களில் சீட்டாடுகிற எட்டி என்பவன் மேஜையிலேயே ஹாரியிடம் கடன் வாங்கி, கடைசியில் ஐந்து லட்சம் கடனாளியாக எழுந்திருக்கிறான். அவன் சீட்டை ஒளித்துவைத்த கேமராவில் பாரி பார்த்துக்கொண்டிருப்பது தனி. இந்த விதி தெரிந்தால் எட்டியின் முகம் வெளிறுவது முழுசாகப் புரியும்.

ஈலிங்வாசி:
துப்பாக்கி ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996-இல் நடந்த படுகொலைக்குப் பிறகு, 1997-இல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதே பிரிட்டனில் தடை செய்யப்பட்டது. சாதாரண போலீஸ்காரர் இடுப்பிலும் துப்பாக்கி கிடையாது. அந்த ஊர்க் கதையில் ஒருவன் துப்பாக்கி தேடுவதே ஒரு வேலை, ஒரு செலவு, ஒரு அவமானம். 'ஸ்னாட்ச்' மதுக்கடைக் காட்சியில் மூன்று பேர் பொம்மைத் துப்பாக்கியோடு அடியாள் டோனி முன்னால் நிற்கிறார்கள். அவர்கள் துப்பாக்கியில் எழுதியிருப்பதை அவனே படித்துக் காட்டி, பிறகு தன்னுடையதில் எழுதியிருப்பதையும் சொல்லிக் காட்டுகிறான். ஒரு குண்டுகூடச் சுடாமல் காட்சி முடிகிறது. தெருவுக்குத் தெரு துப்பாக்கி கிடைக்கும் ஊரில் இந்தக் காட்சிக்கு அர்த்தமே இருக்காது.

இந்தப் பாணியின் வேர் லண்டனின் பழைய படக் கம்பெனியான ஈலிங் ஸ்டூடியோ. 'தி லேடிகில்லர்ஸ்' (1955) கட்டாயம் பாருங்கள். கிங்ஸ் கிராஸ் பக்கம் தனியாக வாழும் ஒரு பாட்டி வீட்டில் ஐந்து கொள்ளையர் இசைக்குழு என்று சொல்லி அறை எடுக்கிறார்கள். கிராமபோனில் இசை ஓட, உள்ளே திட்டம். பாட்டி தேநீர் வேண்டுமா என்று கதவைத் தட்டினால் வயலினைத் தூக்கிக்கொண்டு எழுந்தாக வேண்டும். அவரைக் கொல்லவும் மனம் துணியவில்லை, ஒருவரையொருவர் கொன்று தீர்கிறார்கள். பணத்தைப் பாட்டி போலீஸிடம் கொண்டுபோனால் யாரும் நம்பவில்லை. மரியாதைதான் அங்கே பொறி. பிற்காலப் படங்களில் அந்த மரியாதை அப்படியே ரவுடிகளின் வாய்க்குப் போய்விட்டது. 'ஸ்னாட்ச்'சின் ரவுடித் தலைவன் பிரிக் டாப், 200 பவுண்டு எடையுள்ள பிணத்தைத் தின்று தீர்க்க எத்தனை பன்றி வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும் என்று சமையல் குறிப்பு போல நிதானமாகச் சொல்கிறான் (16 பன்றி, 8 நிமிடம்). கத்தியிருந்தால் பயம் மட்டும்தான் வந்திருக்கும். நிதானமாகச் சொல்வதால் பயமும் சிரிப்பும் ஒன்றாக வருகின்றன.

பகல்காட்சி:
அருமை. காக்னி கொச்சையை, அதாவது அந்தக் கிழக்கு லண்டன் பேச்சை, என்ன செய்வது? சப்டைட்டில் வைத்தும் பாதி பிடிபடவில்லை.

வெட்டி_ஒட்டி:
அது எதுகைக் கொச்சை. 'ஃபீட்' என்பதற்கு எதுகையாகப் 'பிளேட்ஸ் ஆஃப் மீட்'. பிறகு எதுகைச் சொல்லை விழுங்கிவிட்டு 'பிளேட்ஸ்' மட்டும் சொல்வார்கள். பாதம் என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். பணத்துக்குத் தனிக் கொச்சை: 'போனி' 25 பவுண்டு, 'மங்கி' 500. கவலை வேண்டாம், 'லாக், ஸ்டாக்'கில் ரோரி பற்றிய கதையை ஒருவர் சொல்லும்போது ஆங்கிலேயருக்கே ஆங்கில சப்டைட்டில் போடுகிறார்கள். உங்கள் படத்தில் அதை மொழிபெயர்க்காதீங்க. உங்கள் பாத்திரங்களின் தெருப் பேச்சு எதுவோ அதுவே போதும்.

இந்தப் பாணியை நகலெடுப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: உறைந்த சட்டகம் (ஃப்ரீஸ் ஃப்ரேம்), பெயர் அட்டை, பின்னணிக் குரல் எல்லாம் இருக்கும், காரண காரியம் இருக்காது. 'ஸ்னாட்ச்'சின் பால் பாக்கெட் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். டாமி ஓடும் காரிலிருந்து பாலை வீசுகிறான், அது டோனி காரின் கண்ணாடியில் தெறிக்கிறது, கார் மோதுகிறது, டிக்கியில் அடைபட்டிருந்த போரிஸ் தலையில் மூட்டையோடு வெளியே வந்து இன்னொரு காரில் அடிபடுகிறான். மூன்று காரில் இருப்பவர்களுக்கும் நடந்தது என்னவென்று தெரியாது. எல்லாம் ஒரு பால் பாக்கெட்.

12 நிமிடத்துக்கு ஒரு பொருள், மூன்று கோஷ்டி. அதற்கு மேல் வேண்டாம். ஒரு தாளில் காட்சி வாரியாக, அட்டவணை போல மூன்று பத்தி போடுங்கள்: பொருள் இப்போது யாரிடம், யாரிடம் இருப்பதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள், பார்வையாளருக்கு என்ன தெரியும். முதல் இரண்டு பத்தியும் ஒன்றாக இருக்கிற காட்சியில் சிரிப்பு வராது, அதை வெட்டிவிடலாம்.

ஈலிங்வாசி:
முடிவுக்கு ஒரு குறிப்பு. 'தி இட்டாலியன் ஜாப்' (1969) பேருந்து பாதி மலை விளிம்பில் தொங்க, கொள்ளையடித்த தங்கம் தொங்குகிற பக்கம் சறுக்கிப் போக, படம் அங்கேயே நிற்கும். 'லாக், ஸ்டாக்'கும் டாம் பாலத்தில் தொங்க, வாயில் கைபேசி ஒலிக்க முடிகிறது. இரண்டுமே பொருளை எவன் கையிலும் கொடுக்காமல் நிறுத்திய படங்கள். உங்கள் தாளில் கடைசிக் கட்டத்தின் முதல் பத்தியைக் காலியாக விட்டுப் பாருங்கள்.