புதிய நாத்திகம் தோற்றதா? மதத்தை விட்டவர்கள் கடவுளை விடாதது ஏன்?

செங்காந்தள் (கேள்வி):

நண்பர்களே, ஒரு கட்டுரைக்காகக் கேட்கிறேன். 2004ல் சாம் ஹாரிஸ், 2006ல் ரிச்சர்ட் டாக்கின்ஸும் டேனியல் டெனட்டும், 2007ல் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் என்று வரிசையாக மதத்தை நேருக்கு நேர் எதிர்க்கும் நூல்கள் வந்தன. இவற்றோடு எழுந்த இயக்கத்தைத்தான் 'புதிய நாத்திகம்' என்கிறார்கள். லட்சக்கணக்கில் விற்றன. கருத்துக்கணிப்புகள் நடத்தும் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி அமெரிக்காவில் 2007ல் 16 சதவீதமாக இருந்த 'மதம் சாராதோர்' 2023-24ல் 29 சதவீதம். ஆனால் அதே 2023-24 கணக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் கடவுளையோ ஏதோவொரு பிரபஞ்ச சக்தியையோ நம்புகிறார்கள். உடலுக்கு அப்பால் ஆன்மா உண்டு என்போர் 86 சதவீதம்! இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? புதிய நாத்திகம் வென்றது என்று எழுதுவதா, தோற்றது என்று எழுதுவதா?

அளவுகோல்:

முதலில் அந்த 29ஐ உடைத்துப் பாருங்கள். நாத்திகர் 5, கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்போர் 6, 'குறிப்பாக எதுவும் இல்லை' என்று குறித்தோர் 19. (கூட்டினால் 30 வரும். முழு எண்ணாக்கியதால் வந்த வேறுபாடு அது.) மூன்றில் இரண்டு பங்கினர் தேவாலயத்தை விட்டவர்கள்தான், கடவுளை விட்டவர்கள் என்று சொல்ல முடியாது. இதைப் பிரிக்காமல் எழுதும் கட்டுரைகள் முதல் பத்தியிலேயே சறுக்கிவிடுகின்றன.

அடையாளம், நம்பிக்கை, நடத்தை என்று மூன்று பத்திகள் போட்டு ஒவ்வோர் எண்ணையும் உரிய பத்தியில் எழுதுங்கள். ஒரு பத்தியின் எண்ணை வைத்து இன்னொன்றைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள். கென்ட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வுத் திட்டம் பிரேசில், சீனா, டென்மார்க், ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களைத் தனியே எடுத்து விசாரித்து 2019ல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களிலும் பெரும்பாலோர் விதி, சோதிடம், மறுபிறப்பு போன்ற ஏதாவது ஒன்றுக்கு இடம் வைத்திருந்தார்கள்.

அடுத்து, கேள்வியின் வாசகம். இங்கிலாந்து-வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 'உங்கள் மதம் எது?' என்று கேட்கிறது. ஏதோ ஒரு மதம் இருக்கும் என்ற அனுமானம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துப் படிவத்தை நிரப்புவதும் உண்டு. அதில் 2021ல் மதமில்லை என்றவர்கள் 37.2 சதவீதம். பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வோ 'எந்தவொரு மதத்தையும் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?' என்று தனியாளிடம் கேட்கிறது. 2018லேயே அங்கே 52 சதவீதம். இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் மூன்றாண்டில் மதம் மீண்டெழுந்ததுபோலத் தெரியும்.

மூன்றாவது, மறைத்தல். அமெரிக்காவில் 'நான் நாத்திகன்' என்று சொல்லப் பலர் தயங்குவார்கள். இதைத் தாண்ட உளவியலாளர்கள் வில் ஜெர்வேஸ், மாக்சின் நஜ்லே இருவரும் பட்டியல் முறையைக் கையாண்டார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண வாக்கியங்கள் சில. இன்னொரு குழுவுக்கு அதே வாக்கியங்களோடு 'கடவுளை நம்புகிறேன்' போன்ற ஒன்று கூடுதலாக. எது பொருந்தும் என்று கேட்பதில்லை, எத்தனை பொருந்தும் என்று மட்டும் கேட்கிறார்கள். இரு குழுக்களின் சராசரி வித்தியாசமே விடை. அப்படி வந்த மதிப்பீடு: சுமார் 26 சதவீத அமெரிக்கர்கள் கடவுளை நம்பாதவர்கள். எடுத்தாளும்போது ஓர் எச்சரிக்கை. சோதனைக்காக அதே ஆய்வில் 2+2 குறித்த அபத்தமான வாக்கியம் ஒன்றையும் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கும் நம்ப முடியாத அளவு உயர்ந்த எண் வந்தது. ஆகவே இந்த 26ஐ அகலமான பிழைவரம்போடுதான் சொல்ல வேண்டும்.

நதிமூலம்:

அளவுகோல் சொன்னதோடு காலவரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வென்றதா தோற்றதா என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சமூகவியலாளர்கள் மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் 2002ல் வெளியிட்ட ஆய்வின்படி 1990களிலேயே அமெரிக்காவில் மதம் சாராதோர் 7லிருந்து 14 சதவீதமாக இரட்டித்துவிட்டார்கள். ஹாரிஸின் நூல் வரும் முன்பே வெள்ளம் புறப்பட்டாயிற்று. அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் அரசியல். வலதுசாரிக் கட்சி அரசியலோடு தேவாலயம் பின்னிக்கொண்டதும், அந்த அரசியல் பிடிக்காத மிதவாதிகளும் இடதுசாரிகளும் தங்களுக்கிருந்த பெயரளவு மத அடையாளத்தைக் கழற்றி வைத்தார்கள். கடவுளைப் பற்றிய கருத்து மாறத் தேவையே இருக்கவில்லை. நீங்கள் கேட்ட 29க்கும் 83க்கும் இடையிலான முரண் இங்கே அவிழ்கிறது.

பிரிட்டனில் வேறு இயந்திரம். ஆய்வாளர்கள் டேவிட் வோஸ், அலஸ்டர் கிராக்கெட் 2005ல் காட்டியது இது: பெற்றோர் இருவரும் மதம் சார்ந்தவர்கள் என்றால் பிள்ளையிடம் அது போய்ச் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி, ஒருவர் மட்டும் என்றால் கால் பங்கு, இருவருமே சாராதவர்கள் என்றால் பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படியே. ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதியாகிறது. இந்தக் கணக்கில் முப்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு நூலைப் படித்து மனம் மாறுவதற்கு இடம் மிகச் சிறியது. மாற்றம் தொட்டில் பக்கம் நடக்கிறது.

செங்காந்தள்:

மிக்க நன்றி. அப்படியானால் நூல்களுக்குப் பங்கே இல்லையா?

தெருவிளக்கு:

இருக்கிறது. நதிமூலம் ஐயா சொல்வதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். அமெரிக்காவில் தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் 2007ல் 1.6 சதவீதம், 2023-24ல் 5. மூன்று மடங்கு. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சலை இந்த இயக்கம் கொடுத்தது என்பது என் துணிபு. 2009 ஜனவரியில் பிரிட்டன் முழுக்க சுமார் 800 பேருந்துகளில் 'அனேகமாகக் கடவுள் இல்லை' என்ற விளம்பரம் ஓடியதே, அதற்கு முதலில் கேட்ட நன்கொடை 5,500 பவுண்டு. சேர்ந்ததோ ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல். தனித்தனியாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

இயக்கம் உடைந்தது மதவாதிகளால் அல்ல. 2011க்குப் பிறகு மாநாடுகளில் பெண்கள் நடத்தப்படும் விதம், இஸ்லாம் பற்றிய பேச்சு, சமூகநீதிக்கு இடமுண்டா என்ற கேள்வி, இவற்றில் பிளந்தது. 'கடவுள் இல்லை' என்பது ஒரு மறுப்பு. அதற்குப் பிறகு எப்படி வாழ்வது, யாரோடு நிற்பது என்று அது எதையும் சொல்வதில்லை. இந்த இயக்கத்தின் முகங்களில் ஒருவராக இருந்த எழுத்தாளர் அயான் ஹிர்சி அலி 2023ல் கிறித்தவரானதும், 2024ல் டாக்கின்ஸ் தம்மைப் பண்பாட்டளவில் கிறித்தவர் என்று சொன்னதும் இந்த வெற்றிடத்தைத்தான் காட்டுகின்றன. டாக்கின்ஸின் இறைமறுப்பில் மாற்றமில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலர் அதைத் திரித்துப் பரப்புகிறார்கள்.

மனக்கூறு:

'வாதம் சரி, மக்கள் மாறவில்லை' என்ற இடத்துக்கு உளவியலில் தெளிவான விடை இருக்கிறது. வாதத்தால் வந்த நம்பிக்கைதான் வாதத்தால் போகும். மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009ல் முன்வைத்த கருத்து: பிள்ளைகள் பெரியவர்களின் சொல்லைவிட, அந்தச் சொல்லுக்காக அவர்கள் கொடுக்கும் விலையைப் பார்த்தே நம்புகிறார்கள். நோன்பு, காணிக்கை, நேரம், வலி. தான் நம்பாத ஒன்றுக்காக யாரும் இவ்வளவு விலை கொடுக்கமாட்டார் என்று பிள்ளையின் மனம் கணக்குப் போடுகிறது. ஜெர்வேஸ் குழு 2021ல் அமெரிக்கர்களிடம் செய்த ஆய்விலும், யார் நம்பாதவர் ஆகிறார் என்பதை மிக வலுவாகக் கணித்தது இதுதான்: வளரும்போது அத்தகைய செயல்களைக் காணாமை. பகுத்தாயும் சிந்தனைக்குச் சிறிய பங்கே கிடைத்தது.

இன்னொன்றைக் கட்டாயம் தவிருங்கள். சிற்பி ரோடனின் 'சிந்தனையாளர்' சிலைப் படத்தைக் காட்டினாலே கடவுள் நம்பிக்கை குறைகிறது என்று 2012ல் ஒரு பரிசோதனை வந்து எல்லா நாத்திக மேடைகளிலும் எடுத்தாளப்பட்டது. மாதிரி மிகச் சிறியது. 2017ல் 900க்கும் மேற்பட்டோரைக் கொண்டு திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. முதல் ஆய்வைச் செய்த ஜெர்வேஸே அதன் குறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் பழைய முடிவு இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பந்தக்கால்:

சடங்கை விட்டுவிட்டீர்களே. மானிடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் 200 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்தார். எந்த ஆண்டிலும் மதம் சார்ந்தவை நீடிக்கும் வாய்ப்பு மற்றவற்றைப்போல் நான்கு மடங்கு. பின்னர் 83 குடியிருப்புகளை நுணுகிப் பார்த்தபோது, உணவு, உடை, உடைமை என்று கடுமையான கட்டுப்பாடு விதித்த மதக் குடியிருப்புகள் கூடுதல் காலம் நின்றன. மதமற்றவற்றில் அதே கட்டுப்பாடுகள் ஆயுளைக் கூட்டவில்லை. 'ஏன் இதைச் செய்ய வேண்டும்?' என்று கேட்டு எடைபோடக்கூடிய விதி நாளடைவில் கரைந்துபோகிறது. கேள்விக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்படும் விதி நிற்கிறது. 2013 ஜனவரியில் லண்டனில் பாட்டு, உரை, தேநீர் என்று தொடங்கிய மதமற்ற ஞாயிறு கூட்டங்கள் பல நாடுகளுக்கு வேகமாகப் பரவிப் பின்னர் சுருங்கியதையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம்.

நம் பக்கத்தில் ஒப்பிட ஒன்று உண்டு. பெரியார் இயக்கம் மறுப்போடு நிற்காமல் திருமணத்தைக் கையில் எடுத்தது. புரோகிதர் தேவையில்லை, உற்றார் நண்பர்கள் முன்னிலையில் இருவரும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். 1967ல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவாக நின்று, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. டாக்கின்ஸ், ஹிட்சன்ஸ் வழியில் இப்படி ஒரு சடங்கு உருவாகவில்லை. ஆனால் கவனியுங்கள், இவ்வளவு செய்தும் தமிழ்நாட்டில் கோயில் கூட்டம் குறையவில்லை. பிறப்பு, பூப்பு, இறப்பு, நேர்த்திக்கடன் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன.

அளவுகோல்:

ஒன்று விட்டுப்போயிற்று. உலக எண்ணிக்கை பற்றி எழுதினால் 2015ல் பியூ வெளியிட்ட கணிப்பை (மதம் சாராதோர் 2010ல் 16 சதவீதம், 2050ல் 13 ஆகும்) அப்படியே எடுக்காதீர்கள். 2025 அறிக்கையில் 2020க்கான பங்கு சுமார் 24 சதவீதம். எட்டு புள்ளி தாவல் நடக்கவில்லை. சீனாவின் எண்ணிக்கையை வேறு முறையில் கணக்கிட்டதால் 2010இன் எண்ணே சுமார் 23 என்று திருத்தப்பட்டிருக்கிறது. புதிய அறிக்கையின் இரு எண்களை மட்டும் தம்முள் ஒப்பிடுங்கள்.