தானா மலைக் காப்பகம் (ஜோர்டான்): போய் வந்தவர்கள் எழுதுங்கள்

சஹாப்_செல்வன்

வாதி தானா (தானா பள்ளத்தாக்கு) நடைபாதையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், அதை விடுகிறேன். மேலே தானா கிராமத்திலிருந்து பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஃபைனான் வரை 14 கிலோமீட்டர் இறக்கம். மேலே ஸ்வெட்டர், கீழே வேர்வை. அவ்வளவுதான்.

என் மனதில் நிற்பது கீழே ஒரு பெதுவின் (பாலைவன மேய்ப்பர்) கூடாரத்தில் நடந்தது. வழிகாட்டிப் பையன் அதாதா குலத்தைச் சேர்ந்தவன், தன் பெரியப்பாவிடம் கூட்டிப்போனான். கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரம். பெரியவர் தீயை ஒதுக்கி, பிசைந்த மாவைத் தட்டி நேராகச் சாம்பலிலேயே போட்டார். தட்டு கிடையாது, கல் கிடையாது. மேலே தணலைத் தள்ளி மூடிவிட்டுக் காப்பிக்கொட்டை வறுக்கத் தொடங்கினார். அப்புறம் ரொட்டியை வெளியே எடுத்து ஒரு குச்சியால் டப் டப்பென்று அடித்தார். சாம்பல் மொத்தமும் உதிர்ந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று ஆவி பறந்தது.

சாப்பிடும்போது, ஆடுகளை மேலே ஓட்டிப்போவீர்களா என்று கேட்டேன். எனக்கு ஃபேக்டரியில் பழகிய அரைகுறை அரபிதான், மிச்சத்தைப் பையன் சொன்னான். பெரியவர் அந்தக் குச்சியாலேயே மலைச்சரிவைக் காட்டினார். அவருடைய அப்பா கோடைக்கு அங்கேதான் கிடை போடுவாராம். இப்போது அது காப்பக எல்லைக்குள் இருக்கிறது, மேய்க்க முடியாது. குரலில் கோபமே இல்லை. சொல்லி முடித்துவிட்டு ரொட்டியில் பெரிய துண்டாகப் பிய்த்து என் கையில் வைத்தார். நான் தங்கிய சோலார் விடுதியும், ராத்திரி ஏற்றிய மெழுகுவத்தியும், நடந்த பாதையும் அந்தச் சரிவை மூடியதால் வந்தவைதானே? அந்தத் துண்டு எனக்கு இறங்கவே இல்லை.

கானகக்கண்

செல்வன் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதில் நான் உடன்பட மாட்டேன். காப்பகத்தின் ரும்மானா முகாமில் விடியற்காலை பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். கீழே கல் உருளும் சத்தம். ஐபெக்ஸ் காட்டாடு, கிடா. பின்னால் வளைந்த கொம்பு முதுகைத் தொடும்போல இருந்தது, அதில் கணுக்கணுவாக இருந்த முண்டுகளைக்கூட எண்ணியிருக்கலாம். என்னைப் பார்த்துவிட்டு நிதானமாகச் செங்குத்துப் பாறையில் இறங்கிப் போனது. வேட்டையாடியே ஜோர்டானில் ஏறக்குறைய ஒழித்துவிட்ட விலங்கு அது.

மந்தை போன இடத்தில் ஜூனிப்பர் கன்று எழும்பவே எழும்பாது, சைப்ரஸும் அப்படித்தான். பாலைவனத்து மலையில் ஒரு மரம் ஆளுயரம் வளர எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாதி_நடையன்

நான் போனது பிப்ரவரியில். நல்ல அனுபவம், செந்நிறப் பாறை, இரவில் நட்சத்திரம். ஆனால் இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: வெள்ளம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் பளிச்சென்று இருக்கும். 1500 மீட்டர் உயரத்தில் பெய்யும் மழை வெறும் பாறையில் ஊறாமல் அப்படியே ஓடைக்குள் கொட்டும். 2018 அக்டோபரில் சாக்கடல் பக்கம் திடீர் வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட 21 பேர் போய்விட்டார்கள். அதனால் ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள், குறுகலான இடத்தில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். மேலே கருமேகம் தெரிந்தால் அன்றைக்கு நடையை விட்டுவிடுங்கள். உள்ளூர் வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால் காசு போனாலும் வாதாடாதீர்கள். அப்புறம், ஆளுக்கு மூன்று லிட்டராவது தண்ணீர். ஷூ புதிதாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள், இறக்கத்தில் கால் நகம் போய்விடும். ஃபைனானிலிருந்து மேலே திரும்ப ரோடு சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், வண்டியை முன்னாடியே பேசி வையுங்கள்.

ஷார்ஜா_மல்லி

தம்பிகள் இரண்டு பேரும் ஆட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். பெண்களிடம் யாராவது பேசினீர்களா? தானா கிராமத்தில் வெள்ளி நகை செய்யும் பட்டறை இருக்கிறது, காப்பகம் ஏற்படுத்தியது. அங்கே ஒரு பெண் மெல்லிய தகட்டில் அரத்தை வைத்து ராவிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவள் வீடு மேலே காதிசியாவில். பழைய கல்வீடுகளை விட்டு முக்கால்வாசிப் பேர் சிமெண்ட் ஆலைப் பக்கம் வேலை, தண்ணீர், கரண்ட் என்று அங்கேதான் ஏறிப்போனார்களாம். ஜன்னல் வழியாகக் கூரை விழுந்த ஒரு வீட்டைக் காட்டி, "பாட்டி வீடு" என்றாள். திரும்ப வந்து குடியிருப்பாயா என்றதற்குத் தலையை ஆட்டிச் சிரித்தாள், இல்லை என்று. ஆனால் இந்தச் சம்பளம் தன் கையில்தான் வருகிறது, தம்பியைப் படிக்க வைக்கிறேன் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அரம் நின்றது.

செல்வன் தம்பி, அந்தப் பெரியவரின் இழப்பு நிஜம்தான். இவளுடைய வேலையும் நிஜம்.

சஹாப்_செல்வன்

அக்கா சொல்வதை ஏற்கிறேன். கானகக்கண் தம்பிக்கு மட்டும் ஒன்று: மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021இல் இதே காப்பகத்தில் ஒரு பகுதியைப் பிரித்துச் செம்புச் சுரங்கத்துக்கு விட அரசு கிளம்பியது, காப்பகத்தை நடத்தும் அரச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. ஃபைனானில் ரோமர் காலச் சுரங்கக் கழிவு மேடு இன்றைக்கும் கறுப்பாகக் கிடக்கிறது, நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்காரரிடம் கறாராக நின்ற எல்லைக்கோடு செம்பு என்றதும் நகரலாம் என்றால், அந்தப் பெரியவருக்கு என்ன பதில் சொல்வது? சமீபத்தில் அந்தப் பக்கம் போனவர்கள், கூடாரக்காரர்கள் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள்.