சரியாக ஐந்தரை மணி நேரம்: ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களின் கடிகார அனுபவங்கள்

வேலூரிலிருந்து:

எங்கள் மாமாவுக்குப் பூ மண்டி. விடிகாலை நாலு மணிக்கெல்லாம் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து மூட்டைகள் வந்து இறங்கிவிடும். பில் போடுவது விண்டோஸில் ஓடும் பழைய மென்பொருள். அதே கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டு, ராத்திரியில் நான் புரோகிராமிங் பழகுகிறேன்.

போன பங்குனியில் ஒருநாள் காலை நாலரைக்கு மாமா என்னை எழுப்பினார். "என்னாப்பா இது, நேத்து தேதி போட்டு பில்லு வருது?" என்றார். கையில் பில். சாமந்தி 12 கிலோ, நேரம் 11:00 பிஎம், தேதி முந்தின நாள். தேதி மட்டும் தப்பு என்றால் பேனாவால் அடித்துத் திருத்திவிடலாம். அந்த மென்பொருள் தேதியைப் பார்த்துத்தான் அன்றைய விலையை எடுக்கும். முகூர்த்த நாள் என்பதால் ராத்திரிக்கு ராத்திரி விலை ஏறியிருந்தது. பூ கொண்டுவந்தவருக்கு நேற்றைய விலையில் பணம் கணக்காகிவிட்டது. நல்லவேளை, அவர் கிளம்புவதற்குள் பார்த்துவிட்டோம்.

கணினிக் கடையில் கேட்டோம். "பேட்டரி போயிருக்கும்" என்று மாற்றிக் கொடுத்தார்கள். ரெண்டு நாள் ஒழுங்காக இருந்தது, மூணாம் நாள் மறுபடியும் அதே கதை. இன்னொரு பேட்டரி. அதற்கப்புறம் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள்.

அப்போது மாமா சொன்னார்: "நீ ராத்திரி அதத் தொட்டாத்தான் காலையில தப்பா வருது." அதுவரை எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் ஊரில் இல்லாத நாட்களில் பில் ஒழுங்காக வந்திருக்கிறது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். மாமா விண்டோஸில் நேரத்தைத் திருத்தி வைத்த அன்று ராத்திரி 10 மணிக்கு மின்ட்டைத் திறந்தேன். திரை மூலையில் 3:30 என்று காட்டியது. இணையம் கிடைத்ததும் 10-க்கு வந்துவிட்டது. விண்டோஸில் ஐந்தரை மணி நேரம் பின்னால், லினக்ஸில் ஐந்தரை மணி நேரம் முன்னால். நம் நாட்டு நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட முன்னால் இருப்பதும் இதே ஐந்தரை மணி நேரம்தான்.

விஷயம் இதுதான். மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு, ஆர்டிசி என்பார்கள். கணினி அணைந்திருக்கும்போதும் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மணி மட்டும்தான் தெரியும், அது எந்த ஊர் மணி என்று தெரியாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்துப் பழக்கப்படி விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் யுடிசி என்று எடுத்துக்கொண்டு, அதோடு ஐந்தரையைக் கூட்டிக் காட்டுகிறது. இணையத்தில் சரியான நேரம் கிடைத்ததும் லினக்ஸ் அந்தக் கடிகாரத்தில் யுடிசியை எழுதி வைத்துவிடும். காலையில் 4:30-க்கு மாமா விண்டோஸைத் திறக்கும்போது உள்ளே 11:00 என்று இருக்கும். விண்டோஸ் அதை அப்படியே காட்டும்.

நான் விண்டோஸ் பக்கம் மாற்றினேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதைத் திறக்கும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், டைம் ஸோன் இன்ஃபர்மேஷன் என்ற வரிசையில் உள்ளே போக வேண்டும். அங்கே 32 பிட் டிவேர்டு என்ற வகைப் பதிவு ஒன்று புதிதாக உருவாக்கி, ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் பெயர் வைத்து, மதிப்பு 1 கொடுக்க வேண்டும். கை வைப்பதற்கு முன்னால் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒருமுறை லினக்ஸை இணையத்தோடு திறந்து மூடிவிட்டு விண்டோஸுக்கு வந்தால் சரியாக இருக்கும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

என்னுடையது அலுவலக லேப்டாப், ரெஜிஸ்ட்ரியைத் தொட அனுமதி கிடையாது. அதனால் லினக்ஸ் பக்கம் மாற்றினேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு டைம்டேட்சிடிஎல் என்று மட்டும் அடித்துப் பார்த்தால், இந்த முறையை முழுமையாக ஆதரிக்க முடியாது என்று ஓர் எச்சரிக்கை வரும். கோடைக்கு ஒருமுறை, குளிருக்கு ஒருமுறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இதனால் குழப்பம் வரும். நமக்கு வருஷம் முழுக்க ஒரே நேரம், எனக்கு இதுவரை தொந்தரவு வரவில்லை. வேண்டாம் என்றால் 1-க்குப் பதில் 0 கொடுத்து பழையபடி ஆக்கிவிடலாம்.

காட்பாடியிலிருந்து:

மேலே சொன்ன ரெண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். ஹாஸ்டலில் என் அறை நண்பன் ஒரு வீடியோவைப் பார்த்து ரெஜிஸ்ட்ரியை மாற்றினான். அது தெரியாமல் நான் லினக்ஸில் மாற்றிக் கொடுத்தேன். இப்போது லினக்ஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை யுடிசி என்று நினைத்து ஐந்தரையைக் கூட்டுகிறது. காலை 10 மணிக்கு விண்டோஸ் மாலை 3:30 என்றது. அன்றைக்குத்தான் அவனுக்கு அசைன்மென்ட் கடைசி நாள், 2 மணிக்குள் ஏற்ற வேண்டும். நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்து அவன் முகம் வெளுத்ததை மறக்க முடியாது. யார் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

எனக்கு நடந்தது நிஜமாகவே பேட்டரிதான். கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும், எந்த இணையதளமும் திறக்காது, பாதுகாப்புச் சான்றிதழ் தவறு என்று சொல்லும். சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி, 3 வோல்ட். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. மாற்றியதும் தீர்ந்தது. வேலூர் அண்ணா சொன்னதுபோல முதலில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்தரை மணி நேரம் என்றால் பேட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வேலூரிலிருந்து:

காட்பாடி தம்பி சொன்னதைப் படித்ததும் எங்கள் கணினியில் சரிபார்த்தேன். டைம்டேட்சிடிஎல் காட்டும் விவரத்தில், ஆர்டிசி உள்ளூர் நேரத்திலா என்ற வரிக்கு நேராக நோ என்று இருக்கிறது. அதாவது லினக்ஸ் பக்கம் யாரும் மாற்றவில்லை. நேற்று ராத்திரி ஒரு மணி வரை மின்ட்டில் வேலை செய்தேன். காலையில் மாமா போட்ட முதல் பில்லை எடுத்துப் பார்த்தேன்: கனகாம்பரம் 3 கிலோ, 4:12 ஏஎம், இன்றைய தேதி.