புதுப்பிப்பு: குர்குமின் வட்டைச் சுற்றித் தடை வளையம் வராத பிரச்சினை தீர்ந்தது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில், மஞ்சளிலுள்ள குர்குமின் தோய்ந்த வட்டு வைத்தும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வட்டின் விளிம்பு வரை வளர்கிறதே, வளர்ச்சியில்லாத தடை வளையம் வரவில்லையே, ஏன் என்று கேட்டிருந்தேன். "நீரில் சரியாகக் கரையாத பொருள் அகாரில் பரவாது, திரவ ஊடகத்தில் எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. குர்குமினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, குழியில் அந்தக் கரைப்பான் 1 சதவீதத்தைத் தாண்டாதபடி, 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போனேன். செறிவு அதிகமான குழிகளில் வளர்ச்சி நின்றது. டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழியில் பாக்டீரியா வழக்கம்போல் வளர்ந்ததால், கொன்றது கரைப்பானோ என்ற சந்தேகமும் போயிற்று. ஈ.கோலை பாக்டீரியா மட்டும் குர்குமினுக்கு அசையவில்லை. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாவில் பொருள்களை உள்ளே விடாமல் தடுக்கும் வெளிச்சவ்வை நினைத்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியப்படுத்தியது ரெசாசுரின் என்ற சாயம்தான். குர்குமினின் மஞ்சள் நிறத்தில், வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் தெரியாததால் அதைச் சேர்த்தேன். உயிருள்ள செல் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும் அல்லவா? கூடவே சோதித்த கச்சாத் தாவரச் சாற்றில், பாக்டீரியா விடாத குழியே இளஞ்சிவப்பாகிவிட்டது! சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள், செல் இல்லாமலே, தாமே சாயத்தை வேதியியல் ரீதியாக ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) நிறம் மாற்றிவிடுகின்றன. ஆகவே சாறு மட்டும் உள்ள குழி ஒன்று கட்டாயம் வையுங்கள். அப்புறம், சந்தேகமான குழிகளிலிருந்து ஒரு சொட்டைப் புது அகாரில் இட்டு, மறுநாள் காலனி வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் அந்தக் குழியில் உயிருள்ள பாக்டீரியா இருந்திருக்கிறது.