ஏற்ற இறக்கத்தில் ஓ.டி. (ஓவர்டிரைவ்) பட்டன்: ஆட்டோமேட்டிக் பிக்கப் ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிஸ்வாக்காரன்

ஓமானில் ஜபல் அக்தர் மலை ஏறி இறங்கியவர்களுக்கு அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியை பிர்கத் அல் மௌஸ் செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் கம்பெனி வண்டி பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் பிக்கப். மலை மேலே சைக் ஊரில் புது பம்ப் மாட்டிவிட்டு, கழற்றிய பம்பையும் ஜெனரேட்டரையும் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினோம். ஓட்டியவர் என்னைவிட ரொம்ப சீனியர். லீவர் டி-யில், நாலாவது கியரை (ஓவர்டிரைவ்) நிறுத்தி வைக்கிற ஓ.டி. பட்டனைத் தொடவே இல்லை. இறக்கம் முழுக்க பிரேக்கில்தான்.

பாதி வழியில் நாற்றம் வந்தது. "பெடல் கொஞ்சம் ஆழமாப் போகுது" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அடுத்த வளைவுக்கு முன்னால், பிரேக் போன வண்டிகளுக்காகப் போட்டிருக்கும் அந்த மேட்டுப் பாதைதான் கண்ணில் பட்டது. எப்படியோ ஓரமாக நிறுத்தினார். முன் ரிம் இரண்டிலும் மெல்லிசாகப் புகை. பாட்டில் தண்ணீரை எடுத்து ஊற்றப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். கீழே வந்ததும் "டூப்ளிகேட் பேட் போட்டிருக்காங்க" என்று சொல்லி பேட் மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டார். அது பேட் பிரச்சினையே இல்லை என்று அவரிடம் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அன்று ஓ.டி.யை ஆஃப் செய்து, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க விட்டிருந்தாலே போதும் என்பது என் எண்ணம். சரியா?

டெக்சாஸ் பாலா

என்னுடையது இறக்கம் இல்லை, ஏற்றம். 2002 எஃப்-150, நாலு கியர், ஸ்டீயரிங் பக்கத்து லீவர் நுனியில் பட்டன். வீடு மாறும்போது வாடகை டிரெய்லரைக் கோத்துக்கொண்டு ஐ-10-இல் சான் ஆன்டோனியோவிலிருந்து மேற்கே போகிறோம். கெர்வில் தாண்டினால் மேடும் பள்ளமுமாகத்தான் சாலை. மாமனார் பக்கத்து சீட்டில். ஊரில் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ஆட்டோமேட்டிக் வண்டியைத் தொட்டதே இல்லை. கிளச் இல்லாத வண்டி வண்டியே இல்லை என்பார்.

65 மைலில் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று) முள் 1800-இல் நிற்கும். மேடு வந்ததும் 2600-க்குத் தாவும். மேடு முடிவதற்குள் மறுபடி 1800. உடனே இழுவை பத்தாமல் திரும்ப 2600. நான் ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். அவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாப்ள, வண்டி கியர் கெடைக்காம தேடுது. ஒண்ணு எறக்கி வச்சிருங்க, ஒரே சத்தமா போவட்டும்" என்றார். பட்டனை அழுத்தினேன். ஓ.டி. ஆஃப் விளக்கு எரிந்தது. முள் 2600-இல் அப்படியே நின்றது, ஜங்ஷன் ஊர் வரைக்கும்.

டேஷ்போர்டை அவர் பார்க்கவே இல்லை. காதாலேயே எப்படிப் பிடித்தார் என்பதுதான் இன்னும் எனக்குப் புரியவில்லை.

பழைய ஸ்பேனர்

பாலா, உங்கள் மாமனாருக்கு என் வணக்கம். கியர் பெட்டி வேலை தெரிந்தவர்களே பாதிப் பேர் அதைக் காதில் பிடிக்க மாட்டார்கள்.

நிஸ்வாக்காரரே, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓ.டி.யை ஆஃப் செய்தால் நாலாவது மட்டும்தான் போகும், வண்டி மூன்றாவதில் நிற்கும். ஜபல் அக்தர் இறக்கத்துக்கு மூன்றாவது எந்த மூலைக்கு? லீவரை 2-க்கு இழுக்க வேண்டும், செங்குத்தான இடத்தில் எல் (முதல் கியர்). சுமை நிறைய இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸையே (ஃபோர் வீல் டிரைவ் பெட்டி) லோ-வில் போட்டு இறங்குகிறவர்களும் உண்டு. ஓ.டி. பட்டன் ஹைவே மேட்டுக்கும் நீண்ட சாய்வுக்கும்தான்.

நான் ஷார்ஜாவில் பார்த்த ஒரு கேஸ். தண்ணீர் டேங்க் டிரெய்லர் இழுக்கிற பிக்கப். டிப் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்தால் சிவப்பாக இருக்க வேண்டிய ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி எண்ணெய்), காபி டிகாஷன் நிறத்தில் வருகிறது. ஓனர் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினேன், கருகிய நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொல்ல வந்த கதை இவ்வளவுதான். காரணத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாலு கியர் பெட்டியில் மூன்றாவது ஒன்றுக்கு ஒன்று. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் போகும் ஷாஃப்டும் ஒரு சுற்று. நாலாவது 0.7 பக்கம் இருக்கும், அதாவது எஞ்சின் 0.7 சுற்று சுற்றினாலே ஷாஃப்ட் முழுச் சுற்று சுற்றிவிடும். சமதளத்தில் 100-இல் போக இதைவிட நல்லது கிடையாது. சத்தமும் குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் சக்கரத்துக்குப் போகிற இழுவையும் அதே அளவு குறைகிறது. சுமையோடு மேடு வந்தால் பெட்டி முதலில் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைப்பது) லாக்கை விடும், அப்புறம் மூன்றாவதுக்கு இறங்கும், வேகம் கூடியதும் மறுபடி ஏறும். லாக் விட்ட நேரமெல்லாம் எண்ணெய்க்குள்தான் உராய்வு, அத்தனையும் சூடாகிறது. ஏடிஎஃப் 80, 90 டிகிரியில் பல காலம் உழைக்கும். 120 தாண்டி ஓட ஓட வார்னிஷ் பிடிக்கும், கிளச் தட்டு வழுக்கும், பெட்டியை இறக்க வேண்டியதுதான். டிரெய்லர் இழுக்கிறவர்கள் தனி கூலர் போடுங்கள். ஏடிஎஃப்பை மேனுவலில் கனரகப் பயன்பாட்டுக்குப் போட்டிருக்கும் கணக்குப்படி மாற்றுங்கள், சாதாரணக் கணக்குப்படி இல்லை. ஓ.டி. ஆஃப் விளக்கு நிலையாக எரியாமல் மின்னினால் நீங்கள் பட்டனை அழுத்தியதாக அர்த்தம் இல்லை. பல வண்டிகளில் அது பெட்டியில் ஃபால்ட் கோட் விழுந்ததற்கான அடையாளம். ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். டவுனுக்குள் எப்போதும் ஓ.டி. ஆஃப்.

ஈப்போ குமரன்

கடைசி வரி வேண்டாம் அண்ணே. டவுனில் 50-இல் போகும்போது பழைய நாலு கியர் பெட்டிகள் பெரும்பாலும் நாலாவதுக்கே போகாது. ஆஃப் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான்.

என் சித்தப்பா மகனிடம் ஒரு பழைய டபுள் கேப் ஆட்டோ இருந்தது. கேமரன் மலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக இறங்குவார்கள். ஒரு முறை கோலாலம்பூர் வரை ஓட்டிப் போகச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பிளஸ் ஹைவேயில் 110 வந்ததும் எஞ்சின் கத்துகிறது, முள் 3000-க்கு மேலே. டேஷில் மஞ்சளாக ஒரு விளக்கு. போனில் கேட்டேன். "அது வாங்கினப்பவே எரியுதுடா, டீலக்ஸ் மாடல், அப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஓ.டி. ஆஃப் விளக்குதான். லீவர் பக்கத்து பட்டன் வெளியே துருத்திக்கொண்டு நின்றது, கட்டை விரலால் உள்ளே தள்ளினேன். விளக்கு அணைந்தது. அடுத்த நொடி எஞ்சின் சத்தம் பாதியாக இறங்கி, காற்றுச் சத்தம்தான் கேட்டது. வண்டி வாங்கிய நாள் முதல் மூன்று கியரிலேயே ஓட்டியிருக்கிறார் மனிதர்! டீசல் குடிக்கிறது, டீசல் குடிக்கிறது என்று எந்நேரமும் புலம்பல் வேறு. பாலா வண்டியில் சாவியைத் திருப்பினால் பட்டன் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த மாதிரி அழுத்தி நிற்கிற பட்டனில் அது கிடையாது, விட்ட இடத்திலேயே நிற்கும்.

காராக் ஹைவேயில் மழை நேரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. பின்னால் சுமை இல்லாத பிக்கப்பில் வால் பக்கம் லேசு. ஈரத்தில், வளைவுக்குள், வேகமாகப் போகும்போது பட்டனை அழுத்தி எஞ்சின் பிரேக் போடாதீர்கள். பின் சக்கரம் மட்டும் திடீரென்று பிடித்தால் வண்டி ஓரமாக இழுக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு அழுத்துங்கள்.

பழைய ஸ்பேனர்

குமரன், டவுன் என்று நான் சொன்னது சிக்னலுக்கு சிக்னல் 70 தொடுகிற எங்கள் ஊர் சாலையை. 60, 65-இல் நாலாவது விழும், உடனே சிவப்பு விழும். ஈப்போ டவுனுக்கு உங்கள் கணக்கே இருக்கட்டும்.

கொலராடோ செல்வி

பட்டன் இல்லாத காலத்து ஆள் நான். எங்களுடையது பத்து கியர் எஃப்-150. ஏழாவது ஒன்றுக்கு ஒன்று, எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே ஓவர்டிரைவ். இதில் எதை ஆஃப் செய்வது? சுமை இழுக்க டோ/ஹால் மோடுதான்.

ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் கிட்டத்தட்ட 3400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்குப் பக்கம் வெளியே வந்தால் சில்வர்தோர்ன் வரை ஒரே இறக்கம், சரளைக்கல் போட்ட லாரி தப்பிப் பாதை உண்டு. கேம்பர் கோத்திருந்தோம், டோ/ஹால் போட்டிருந்தேன். வேகம் கூடியதும் பிரேக்கை லேசாகத் தொட்டேன். வண்டி தானே கியர் இறங்கி 4000-இல் உறுமியது. தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அலறியடித்து எழுந்து "எஞ்சின் போச்சு, ஓரங்கட்டு, ஓரங்கட்டு!" என்றார். காலை பிரேக்கிலிருந்து எடுத்துக் காட்டினேன். வேகம் 55-இல் அப்படியே இருந்தது. அவர் நம்பவில்லை. கீழே இறங்கும்வரை அந்த ஆர்பிஎம்மையே பார்த்துக்கொண்டு, இவ்வளவு பெட்ரோல் வீணாகிறதே என்று புலம்பினார். இன்றும் அதே வாதம்தான். ஸ்பேனர் அண்ணா, அவருக்கு நீங்களே சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்

வீணாகவில்லை தங்கச்சி. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் கியரில் இறங்கும்போது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் பாய்வது நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டு இறங்கினால்தான் ஐடிலுக்காகப் பெட்ரோல் போகும். 4000 சத்தம் பயமாகத்தான் இருக்கும், சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கார்புரேட்டர் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சேலம் வண்டிக்காரன்

என்னுடையது இசுசு வி-கிராஸ் பிக்கப், ஆட்டோமேட்டிக், ஆறு கியர். ஓ.டி. பட்டன் கிடையாது, லீவரை ஒதுக்கினால் பிளஸ், மைனஸ். கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி வளைவில் ஆட்களும் சாமானுமாக இறங்கப் போகிறேன். டி-யில் விட்டால் பெட்டி தானே பார்த்துக்கொள்ளுமா?

ஈப்போ குமரன்

சுமையோடு கொண்டை ஊசிக்கு டி-யை நம்ப வேண்டாம். மைனஸ் தட்டி இரண்டில் நிறுத்துங்கள், இறுக்கமான வளைவில் ஒன்று. ஆறு கியர் பெட்டிகள் பலவற்றில் நாலாவதுதான் நேர் விகிதம், ஐந்தும் ஆறும் ஓவர்டிரைவ். அவை கீழே ராசிபுரம் சாலைக்கு வந்த பிறகு போதும்.

நிஸ்வாக்காரன்

சேலம் அண்ணா, பிரேக் நாற்றம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, தானாக ஆற விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கூட வருகிற யாராவது தண்ணீர் பாட்டிலோடு இறங்கினால் வாங்கி நீங்களே குடித்துவிடுங்கள்.