ஃபவுண்டேஷன்: முதல் கதையை விட்டுட்டுத் தொடங்கலாமா?

அரூரான்
கிருஷ்ணகிரியில நடக்கப்போற அடுத்த வாசகர் கூட்டத்துக்கு ஐசக் அசிமோவோட 'ஃபவுண்டேஷன்' அறிவியல் புனைகதை வரிசையில முதல் புத்தகம்னு முடிவாகியிருக்கு. சண்டையை இங்கேயே ஆரம்பிச்சுடறேன். இருக்கிற புகழுக்கு அதுல சரக்கு பத்தாது. பால்வெளி முழுக்க ஆண்ட 12,000 வருஷப் பேரரசு சரியுதாம், ஒரு ஓடு உடையற சத்தம்கூட நமக்குக் கேக்கறதில்ல. ரெண்டு பேர் அறையில உக்காந்து பேசறாங்க, சுருட்டு பத்த வைக்கறாங்க, மறுபடி பேசறாங்க. சால்வர் ஹார்டின்னு ஒரு மேயரைக் கொஞ்சம் பிடிச்சுப்போறதுக்குள்ள 30 வருஷம் ஓடிப்போகுது, அதுக்கடுத்த கதையில ஆளே இல்ல. பொம்பளைங்களைக் கேக்கவே வேணாம். வாய் திறந்து பேசற அம்மா கடைசிக் கதையிலதான் வர்றாங்க, அதுவும் புருஷனைக் குத்திக்காட்ட.

பர்கூர் வாசகி
பொம்பளைங்க விஷயத்துல உங்க பக்கம்தான் அண்ணா. ஆனா பேச்சு, பேச்சுன்னு சலிச்சுக்கறீங்களே, அங்க பேச்சுதான் சம்பவம். டோர்வின் பிரபு வர்ற இடத்தைத் திருப்பிப் பாருங்க. பேரரசோட தூதர், ஹார்டின் மேயரா இருக்கற டெர்மினஸ் கிரகத்துல அஞ்சு நாள் தங்கி வாய் ஓயாம வாக்குறுதி கொடுக்கறார். ஹார்டின் அத்தனையும் பதிவு பண்ணி, தர்க்கவியல் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுக்கறார். அவர் அர்த்தமில்லாதது, மழுப்பல், முன்னுக்குப்பின் முரணா சொன்னது எல்லாத்தையும் அடிச்சுட்டுப் பார்த்தா மிச்சம் ஒரு வரிகூட இல்ல. டெர்மினஸை மிரட்டற பக்கத்து ராஜ்ஜியம் அனக்ரியான்கூடப் பேரரசு போட்ட ஒப்பந்தத்தையும் அதே மாதிரி சலிச்சா, அனக்ரியானுக்குக் கடமை எதுவும் இல்ல, பேரரசுக்கு அதிகாரம் எதுவும் இல்லன்னு வருது. பேரரசு விழற சத்தம் அதுதாங்க. இதைவிட வேற என்ன ஓடு உடையணும்?

முதல்தடவை படிக்கறவங்களுக்கு: கதைகள் 1942-லேர்ந்து 1950 வரைக்கும் 'அஸ்டவுண்டிங்' பத்திரிகையில தனித்தனியா வந்தது. 1951, 52, 53-ல மூணு புத்தகமா கட்டினாங்க. மொத்தம் 9 கதை: முதல் புத்தகத்துல 5, மத்த ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு. இப்ப முதல்ல நிக்கற கதை 1951-ல புத்தகத்துக்காகப் புதுசா எழுதி ஒட்டினது. அதனால ரெண்டாவது கதையில தொடங்குங்க. முதல் கதையைப் படிச்சுட்டா, டெர்மினஸுக்கு ஜனங்களை நாடு கடத்தினதே, எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்ற ஹாரி செல்டன் போட்ட திட்டம்னு தெரிஞ்சுடும். அப்புறம் ஹார்டின் ஒவ்வொரு முடிச்சா அவிழ்க்கறது சப்புன்னு ஆயிடும்.

ஓசூர் பி-ஷிப்ட்
இந்த யோசனையை யாரும் கேக்காதீங்க. முதல் கதையை விட்டா பேரரசோட தலைநகர் டிரான்டரைப் பாக்கவே மாட்டீங்க. கிரகம் முழுக்க உலோகத்தால மூடின ஒரே நகரம், 4,000 கோடி ஜனம், அத்தனை பேருக்கும் சோறு வெளியிலேர்ந்து கப்பல்ல வரணும். இது மனசுல இருந்தாத்தான் ரெண்டாவது புத்தகத்துல அதே டிரான்டர் சூறையாடப்பட்டு, ஜனங்க உலோகத்தைப் பேத்து வித்து விவசாயம் பண்றப்ப உறைக்கும். பேரரசு விழுந்தப்புறம் வரப்போற 30,000 வருஷ இருட்டை 1,000 வருஷமா சுருக்கறதுதான் திட்டம்னு செல்டன் வாயாலயே விளக்கமா கேக்கறதும் அங்கதான். ஒட்டுப்போட்ட கதைதான், ஆனா நல்ல ஒட்டு.

நிஜமா தவிர்க்க வேண்டியது 1988-ல வந்த முன்கதை. கால வரிசைப்படி அதுதான் முன்னாடின்னு அதுல கை வெச்சா, 1986 புத்தகம் கடைசிப் பக்கங்கள் வரைக்கும் பொத்தி வெச்ச ரகசியம் போச்சு. எழுதின வரிசையிலயே போங்க: மூணு புத்தகம், அப்புறம் 1982, 1986, அப்புறம்தான் முன்கதை ரெண்டும்.

அரூரான்
வரிசை கிடக்கட்டும் தம்பி. அனக்ரியான்ல அணுசக்தி போயி நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கறாங்களாம். அதே ஆளுங்க நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் கப்பல்ல வந்து மிரட்டறாங்க. அந்தக் கப்பல் எதுல ஓடுது?

ஓசூர் பி-ஷிப்ட்
அது ஓட்டைதான், அடைக்க முடியாது. ஆனா அறிவு எப்படிச் சாகுதுன்னு காட்டறதுல அசிமோவ் ஏமாத்தல. ஐந்தாவது கதையில டெர்மினஸ் வியாபாரி ஹோபர் மாலோ, பேரரசோட மின் நிலையத்துக்குள்ள லஞ்சம் கொடுத்து நுழையறார். அங்க இருக்கற டெக்னீஷியன் பரம்பரையா அந்த வேலை பாக்கறவன். எந்திரத்துல டி-ட்யூப்ங்கற ஒரு பாகம் உடைஞ்சுட்டா சரி பண்ணத் தெரியுமான்னு மாலோ கேக்கறார். பதில் தெரியல, கோபம்தான் வருது, வெளிய போன்னு கத்தறான். எந்திரம் அந்தக் காலத்துல அப்படிக் கட்டினது, தானா ஓடுது. நம்ம பக்கத்து போர்வெல் மாதிரி, மோட்டார் ஓடற வரைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியை எவனும் திறக்கறதில்ல. எதிர்ப்பக்கம் டெர்மினஸ்ல உலோகமே கிடைக்காது. அதனால எல்லாத்தையும் சின்னதா செய்யக் கத்துக்கிட்டாங்க, ஒரு ஆளுக்கு மட்டும் காப்பு தர்ற கவசம்கூட அவங்களால முடியுது. மாலோ கொடுத்த லஞ்சமே அந்தக் கவசம்தான். பேரரசால கப்பல் அளவுக்குத்தான் செய்ய முடியும். பின்னாடி வர்ற போரோட முடிவு அந்த இடத்துலயே எழுதியாச்சு.

அதியமான்கோட்டை
எனக்கு உறுத்துவது வேறொன்று. கலைக்களஞ்சியம் தொகுக்கத்தான் டெர்மினஸ் என்று நம்பி ஒரு லட்சம் பேர் போகிறார்கள். 50 வருஷம் கழித்து செல்டனின் பிம்பம் தோன்றி, கலைக்களஞ்சியம் ஒரு மோசடி என்கிறது. பேரரசரிடம் பட்டயம் வாங்கவும் ஆட்களை மும்முரமாக வைத்திருக்கவும் சொன்ன சாக்காம். அதியமானின் தகடூர்ப் போரைப் பாடும் தகடூர் யாத்திரை முழுசாகக் கிடைக்காமல், புறத்திரட்டு போன்ற தொகுப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாடல்களை வைத்துத்தான் நம் ஊர்ச் சண்டையை நாம் பேசுகிறோம். தொகுக்கிறவனைக் கதை முழுக்கக் கோமாளியாகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பர்கூர் வாசகி
ஐயா, கோமாளி ஆக்கறது தொகுக்கறவங்களை இல்ல, தொகுக்கறதோட நிறுத்திக்கறவங்களை. டோர்வின் தொல்லியல் ஆராய்ச்சி பண்ற விதம் ஞாபகம் இருக்கா? பழைய ஆசிரியர்கள் எழுதினதை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்றார். நேர்ல போய்த் தோண்டிப் பாக்கலாமேன்னு ஹார்டின் கேட்டா, எதுக்குன்னு முழிக்கறார். புறத்திரட்டு தொகுத்தவரை அந்த வரிசையில நானும் வைக்க மாட்டேன்.

அரூரான்
சரி, கடைசியா ஒண்ணு. செல்டன் கணக்கு ஒவ்வொரு தடவையும் பலிக்குது. அப்புறம் வாசகனுக்கு எதுக்குப் பதற்றம்?

ஓசூர் பி-ஷிப்ட்
(முதல் புத்தகம் மட்டும் படிச்சவங்க இதைத் தாண்டிப் போங்க, கதை உடையும்.) 'அஸ்டவுண்டிங்' பத்திரிகை ஆசிரியர் கேம்பலுக்கும் அதே குறைதான். திட்டத்தைக் கவிழ்க்கச் சொன்னதே அவர், அதுல பிறந்தவன்தான் 1945-ல வந்த மியூல். செல்டன் கணக்கு பெரிய ஜனத்திரளுக்கு மட்டும் செல்லும், வாயுவோட அழுத்தத்தைச் சொல்லலாம், ஒரு மூலக்கூறு எங்க போகும்னு சொல்ல முடியாது. மனுஷ மனசு மாறாதுங்கறதையும் அது பேசாம எடுத்துக்குது. மியூல் மத்தவங்க மனசையே வளைக்கறவன், கணக்கு தவிடுபொடி. நீங்க தேடற பொம்பளையும் அங்க இருக்கு: பேட்டா. அவளா விரும்பிப் பழகினாங்கற சந்தோஷத்துல அவ மனசை மட்டும் அவன் தொடல. அதனாலதான் அவளால அவனைக் கண்டுபிடிக்க முடியுது, ரெண்டாவது ஃபவுண்டேஷன் எங்க இருக்குங்கற ரகசியம் வெளிய வர்றதுக்குள்ள, அதைக் கண்டுபிடிச்ச எப்லிங் மிஸ்ஸைச் சுடவும் முடியுது.

அரூரான்
அப்ப கூட்டத்துக்கு ரெண்டாவது புத்தகத்தை வெச்சிருக்கணும்.

பர்கூர் வாசகி
ரெண்டாவதுக்கு முதல் புத்தகம் தெரிஞ்சிருக்கணுமே அண்ணா. ஒரு வழி: முதல் புத்தகத்துல 1, 2, 5 மட்டும். நாலாவது சின்னது, விட்டாலும் நஷ்டமில்ல.

ஓசூர் பி-ஷிப்ட்
1-ஐ நீங்களே சேர்த்துட்டீங்க, கவனிச்சீங்களா? 3-ஐ விடாதீங்க. நள்ளிரவுல அனக்ரியான் முழுக்க கரன்ட் போற கதை அது.