கல்லணை சைக்கிள் பயணம்: புது ஆற்றுக் கரைப் பாதை எப்படி?

வணக்கம். தை அறுவடை சமயத்தில் நண்பரும் நானும் தஞ்சாவூர், திருவையாறு, காவிரிக் கரையோரமாகக் கல்லணை, திரும்பும்போது புது ஆற்றுக் (கல்லணைக் கால்வாய்) கரை என்று ஒரு நாள் முழுக்க நிதானமாகச் சைக்கிளில் சுற்றப் போகிறோம். மணிக்கு 15 கி.மீ. போதும், வயலைப் பார்க்கத்தானே போவது!

700x35 டயர் (35 மி.மீ. அகலம்), காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ. கவலை கருவேல முள்தான். டயருக்குள் விரலால் தடவி முள் நுனியை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் உடனே பஞ்சர். ஆளுக்கு 2 ட்யூப், பஞ்சர் ஒட்டு, பம்பு எடுத்துக்கொள்கிறோம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: புது ஆற்றுக் கரையில் தார் எதுவரை, மண் பாதை எங்கே தொடங்குகிறது? நெல் காயப்போடும் சாலைகள் எவை? நெல்மேல் ஏற்றினால் விவசாயிக்கும் நஷ்டம், சக்கரமும் வழுக்கும். பூதலூர்ப் பக்கம் மதியம் திறந்திருக்கும் சைக்கிள் கடை உண்டா?